குறுஞ்செய்தியும் தமிழ் எழுத்தும்: ஜொகூர்த் தமிழர் நோக்கில் ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

தொடர்பாடல் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் புதியது பழையதை வென்ற கதையாகவே எழுதப்படுகிறது. கடிதத்தைத் தந்தியும், தந்தியைத் தொலைபேசியும், குறுஞ்செய்தியைப் புலனம் முதலிய செயலிகளும் வென்றன என்பது அவ்வகைக் கூற்றாகும். எனினும், திறன்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே செயலிகளைத் தவிர்த்துக் குறுஞ்செய்தியை மட்டும் பயன்படுத்துவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுடன் உரையாடும் வேளைகளில் இத்தகைய பெற்றோரையும் பாட்டி தாத்தாக்களையும் பற்றி நாம் கேள்விப்படுவதுண்டு. காலத்தோடு ஒட்டாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், குறுஞ்செய்தியா செயலியா என்னும் தேர்வு தமிழரைப் பொறுத்தவரை விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. அது எழுத்தையும் சார்ந்தது. இதனை வரலாற்று நோக்கில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

160 எழுத்தும் 70 எழுத்தும்

குறுஞ்செய்திச் சேவை, ஜி.எஸ்.எம். எனப்படும் கைப்பேசித் தொழில்நுட்பத்தின் ஒரு கூறாக ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. உலகின் முதல் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் வோடஃபோன் வலையமைப்பின்வழி அனுப்பப்பட்டது. மலேசியாவில் 1995ஆம் ஆண்டில் ஜி.எஸ்.எம். சேவைகள் தொடங்கின. அடுத்த பத்தாண்டுக்குள் குறுஞ்செய்தி மலேசியரின் அன்றாடப் பழக்கமாயிற்று.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள் ஆகும். உரோமன் எழுத்துகளைக் கொண்ட அடிப்படை அட்டவணையில் ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதும். ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். இவ்வட்டவணையில் ஐரோப்பிய மொழிகளின் சில குறியெழுத்துகளுக்கும் கிரேக்கத் தலைப்பெழுத்துகளுக்கும் இடம் கிடைத்தது, தமிழுக்கு இடமில்லை. தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் ஒருங்குறியில் அனுப்பப்படும் குறுஞ்செய்தியில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதினாறு பிட்டுகள் தேவைப்படுவதால், 160 என்னும் எண் 70ஆகக் குறைந்துவிடுகிறது. செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் செய்தி முழுவதும் இவ்வரம்புக்குள் வந்துவிடும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, துண்டுக்கு 67 குறியீடுகள் என்னும் கணக்கில் அனுப்பப்படும். கட்டணமும் துண்டுதோறும் கணக்கிடப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 'நாளை பள்ளி விடுமுறை' என்பதில் இடைவெளி நீங்கலாக ஒன்பது தமிழ் எழுத்துகளே உள்ளன. ஒருங்குறியில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாதலால், இடைவெளிகளையும் சேர்த்து இத்தொடர் 19 குறியீடுகளாகிறது. அதாவது 38 பைட்டுகள். இதனையே உரோமன் எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதினால் இடைவெளிகள் உட்பட 22 எழுத்துகள் ஆகும். ஆயின் 20 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். எண்ணிக்கையில் சிறியதாகிய தமிழ்த் தொடர், இடத்தில் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. இந்த விகிதப்படி ஒரு குறுஞ்செய்தியில் ஏறக்குறைய 33 தமிழ் எழுத்துகளே இடைவெளிகளோடு அடங்கும்.

இக்கணக்கை முன்கட்டண அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளரோ ஆலைத் தொழிலாளரோ அறிந்திருக்க வேண்டியதில்லை. அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை என்பதால், தமிழில் வந்த செய்தி வெறும் கட்டங்களாகத் தெரிந்ததை அவர்கள் அறிந்திருந்தனர். விளைவு, தமிழரின் குறுஞ்செய்தித் தமிழ் உரோமன் எழுத்தை நாடியது. லகர, ளகர, ழகர வேறுபாடும் ரகர, றகர வேறுபாடும் அவ்வெழுத்தில் மங்கின. பிழையான தமிழ் என்று நாம் பிள்ளைகளைக் கடிந்துகொண்டதில் ஒரு பகுதி, உண்மையில் அந்த அட்டவணை இழைத்த பிழையாகும்.

செல்லினத்தின் தோற்றம்

இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு நம் நாட்டவரிடமிருந்தே வந்தது. 1980களின் நடுப்பகுதி முதல் முரசு மென்பொருளை உருவாக்கி வந்த மலேசியரான முத்து நெடுமாறன், 'செல்லினம்' என்னும் செயலியை வடிவமைத்தார். அது 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில், ஒலி 96.8 வானொலியின் துணையோடு வெளியீடு கண்டது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் பிரிப்பது 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தின் ஒரு கிலோமீட்டர் தூரமே. அப்பாலத்தின்வழி நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் ஜொகூர்த் தமிழருக்குச் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி அயல்நாட்டு வானொலியன்று. ஆகவே செல்லினத்தின் வரவு ஜொகூர்த் தமிழரின் செவிக்கு எட்டும் தொலைவிலேயே நிகழ்ந்தது எனலாம்.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். செல்லினம் குறுஞ்செய்திச் சேவையின் மீதே இயங்கியது. ஆயின், அனுப்புநர், பெறுநர் இருவரின் கைப்பேசிகளிலும் அச்செயலி இருந்தால்தான் தமிழ் எழுத்து தெரியும். அதாவது, ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியவர்களுக்குக் குறுஞ்செய்தி, செயலி என்னும் எதிர்வு தோன்றும் முன்பே, தமிழில் எழுத விரும்பியவர்கள் செயலியை நாட வேண்டியிருந்தது. குறுஞ்செய்தி அனைவருக்கும் பொதுவான வழி என்பது தமிழைப் பொறுத்தவரை முழு உண்மையாக என்றுமே இருந்ததில்லை.

புலனத்தின் வரவு

புலனம் எனத் தமிழில் நாம் வழங்கும் வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. இணையத் தரவின்வழி இயங்குவதால் 70 குறியீட்டு வரம்பு அதற்கில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் திறன்பேசிகளில் தமிழ் எழுத்துருவும் விசைமுகமும் உள்ளமைந்து வரலாயின. ஆப்பிள் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் ஐஓஎஸ் 7இல் தமிழ் விசைமுகத்தைச் சேர்த்தது. ஆகவே, பிறர் செலவு கருதிப் புலனத்துக்கு மாறினர் என்றால், தமிழர் அக்காரணத்தோடு எழுத்து கருதியும் மாறினர் எனக் கொள்வது தகும்.

குறுஞ்செய்தியைத் திருத்தும் முயற்சியும் நடந்தது. 2009ஆம் ஆண்டளவில் கைப்பேசித் தர வரையறையில் தமிழ் உள்ளிட்ட பத்து இந்தியத் துணைக்கண்ட மொழிகளுக்கு ஏழு பிட்டு அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. அதன்படி ஒரு செய்தியில் 150க்கும் மேற்பட்ட தமிழ்க் குறியீடுகளை அடக்க இயலும். ஆயின், அனுப்பும் கருவி, வலையமைப்பு, பெறும் கருவி ஆகிய மூன்றும் அதனை ஏற்க வேண்டியிருந்ததால் அது பரவலாக வழக்கத்திற்கு வரவில்லை. தீர்வு ஏட்டில் வந்தபோது மக்கள் வேறு வழியில் சென்றுவிட்டனர்.

குறுஞ்செய்தியைத் தேர்வோர்

இவ்வாறெனில், இன்றும் குறுஞ்செய்தியைத் தேர்வோரின் நியாயம் யாது? முதலாவதாக, குறுஞ்செய்தி கைப்பேசிச் சேவையின் உறுப்பு. அதற்குத் தனிக் கணக்கோ தரவோ வேண்டா. பெறுநரின் கருவி அணைந்திருந்தாலும் செய்தி நடுவத்தில் காத்திருந்து பின்னர் சேரும். மலேசியாவில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோதும் 2ஜி தக்கவைக்கப்பட்டதால், எளிய பொத்தான் கைப்பேசிகளும் தொடர்ந்து இயங்கின.

இரண்டாவதாக, அது எந்தவொரு தனி நிறுவனத்தின் செயலியையும் சார்ந்ததன்று. 2021 அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக், புலனம் ஆகியன உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. மலேசிய நேரப்படி அது நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியற்காலை வரை நீடித்தது. அவ்விரவிலும் குறுஞ்செய்திக்கு அத்தடை இல்லை. கோத்தா திங்கியும் சிகாமட்டும் நீரில் மூழ்கிய 2006-2007 வெள்ளத்தின்போது புலனம் தோன்றியிருக்கவே இல்லை. கைப்பேசியில் வந்த எழுத்துச் செய்தி என்றால் அது பெரும்பாலும் குறுஞ்செய்தியே.

மூன்றாவதாக, அரசே அதனைக் கைவிடவில்லை. 2020ஆம் ஆண்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது, தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் அறிவிப்புகள் குறுஞ்செய்தியாகவே நாடெங்கும் வந்தன. அவை தேசிய மொழியில் அமைந்திருந்தன.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. புலனத்தின் செய்திகள் 2016ஆம் ஆண்டு முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. குறுஞ்செய்திக்கு அப்பாதுகாப்பு இல்லை. மோசடிகள் பெருகியதால், குறுஞ்செய்தி வழிக் கடவெண்ணைக் கைவிடுமாறு பேங்க் நெகாரா 2022ஆம் ஆண்டில் வங்கிகளைப் பணித்தது. இணைய இணைப்புடைய குறுஞ்செய்திகளைத் தடுக்கும் நடவடிக்கையும் 2023ஆம் ஆண்டு முதல் படிப்படியாக மேற்கொள்ளப்பட்டது. இரகசியம் காக்க வேண்டியதற்குக் குறுஞ்செய்தி ஏற்றதன்று. அனைவரையும் எட்ட வேண்டியதற்கு அது ஏற்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று தெளிவாகிறது. தமிழர் குறுஞ்செய்தியை விட்டு நீங்கியமைக்கு அதன் பழமை மட்டும் காரணமன்று. அவர்தம் எழுத்துக்கு அதில் சமமான இடம் இல்லாமையும் காரணமாகும். குறுஞ்செய்தியிலேயே தங்கிவிட்டவர்களோ இன்று இரு வகையில் விலக்கப்படுகின்றனர். பள்ளியின் அறிவிப்பு புலனக் குழுவில் மட்டும் வரும்போது செய்தி அவர்களை எட்டுவதில்லை. எட்டும் செய்தி தமிழ் எழுத்தில் இருப்பதில்லை.

இவற்றுள் இரண்டாவதை நீக்குவது இன்று நம் கையில் உள்ளது. இன்றைய திறன்பேசிகள் தமிழ்க் குறுஞ்செய்தியைத் தடையின்றிக் காட்டுகின்றன. இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகள் அந்நாட்டின் 22 ஏற்புடை மொழிகளின் எழுத்துகளையும் காட்ட வேண்டும் என 2016ஆம் ஆண்டில் ஆணையிடப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. எனவே, தமிழ்ப்பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அவசர அறிவிப்புகளைப் புலனத்தோடு குறுஞ்செய்தியாகவும், தமிழ் எழுத்திலேயே அனுப்புதல் வேண்டும். முப்பத்து மூன்று எழுத்துகளில் ஒரு செய்தியை முழுமையாகச் சொல்லப் பழக்குவது தமிழாசிரியருக்கு நல்லதொரு வகுப்புப் பயிற்சியுமாகும். சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் நூலுக்குரிய அழகுகளாகக் கொண்ட மொழிக்கு அவ்வரம்பு புதிதன்று.