வெறும் கம்பி இல்லை: நம் கைத்தொழிலின் கதை

நம் கூட்டமைப்பின் சிறப்பு மலருக்கு அவரவர் தொழிலின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் குழுவில் நாங்கள் செய்வது கம்பி நகை. செம்பு, பித்தளைக் கம்பியைக் குறடால் வளைத்து, பாசி கோத்து, கம்மல், மாலை, கொண்டை ஊசி செய்கிறோம். அடுப்பு வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம். மூக்குக் குறடும் வெட்டுக் குறடும் போதும்.

இதை எழுத உட்காரும்போது ஒரு பேச்சுதான் முதலில் நினைவுக்கு வந்தது. முதல் கண்காட்சியில் ஒரு தங்கை என் கம்மலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வெறும் கம்பிதானே? இதுக்கு அறுபது ரூபாயா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "சரிம்மா, நாப்பது குடு" என்று கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

கம்பி நகை இன்று நேற்று வந்ததில்லை. இராக் நாட்டில் ஒரு பழைய நகரம் உண்டு, அதன் பேரே 'ஊர்'. அங்கே சுமார் 4,500 ஆண்டுக்கு முந்தைய அரச கல்லறைகளில் தங்கக் கம்பி வேலை கிடைத்திருக்கிறது. சிந்துவெளியில் செய்த சிவப்புக் கல் பாசியும் அங்கே இருந்தது. அந்தக் காலத்தில் கம்பி கடையில் கிடைக்காது. தங்கத் தகட்டை மெல்லிய நாடாவாக வெட்டி, முறுக்கி, இரண்டு சமமான பரப்புக்கு நடுவே உருட்டிக் கம்பியாக்குவார்கள். துளை போட்ட இரும்புத் தகட்டில் கம்பியை நுழைத்து இழுக்கும் முறை பிற்பாடு வந்தது. நம் ஆசாரிமார் அதைக் கம்பியச்சு என்பார்கள்.

ஒடிசாவின் கட்டாக்கில் வெள்ளிக் கம்பியை நூல் போல இழுத்து, இரண்டு இழையை முறுக்கித் தட்டி, பூவும் இலையுமாக நிரப்பிப் பற்றவைக்கிறார்கள். 'தாரகசி' என்று பெயர். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் பாசி மாலை விற்கும் நரிக்குறவர் பெண்களின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு பாசி, ஒரு துண்டுக் கம்பி, முனையில் ஒரு வளையம், அதில் அடுத்த பாசி. அளவுகோல் கிடையாது, ஆனால் எல்லா வளையமும் ஒரே அளவாக இருக்கும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை வாழ்க்கை முடங்கியது. பாசியும் கம்பியும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 2023இல்தான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்களிடம் நாம் பேரம் பேசியதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னிடம் அந்தத் தங்கை கேட்டதைத்தானே நானும் அவர்களிடம் கேட்டிருக்கிறேன்?

இன்னொருவர் அலெக்சாண்டர் கால்டர். 1898இல் பிறந்த அமெரிக்கச் சிற்பி. காற்றில் அசையும் சிற்பங்களால் பேர் வாங்கியவர். எட்டு வயதில் தெருவில் கிடந்த செப்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தாராம். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒதுக்கிய கம்பியில்தான் பழகினேன். கால்டர் தன் வாழ்நாளில் சுமார் 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் பித்தளை, வெள்ளிக் கம்பிதான். சுத்தியலால் தட்டி, சுருட்டி, கம்பியைக் கம்பியாலேயே கட்டினார், பற்றவைப்பது அபூர்வம். 1955இல் அகமதாபாத்துக்கு வந்தபோது அங்கும் நகை செய்தார். இன்று அந்தப் பித்தளை மாலைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றை யாரும் தராசில் வைத்து விலை பேசுவதில்லை. கைக்குத்தான் விலை.

ஆனால் ஒன்று. கால்டரின் அப்பாவும் தாத்தாவும் சிற்பிகள். தாங்கிப் பிடிக்கக் குடும்பம் இருந்தது. நமக்கு யார் இருந்தார்கள்? குழுதான் இருந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள், 1997-98இல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவின. நகை அடகு வைக்காமல் கடன் வாங்கவும், கணக்கு எழுதவும் நாம் கற்றது அங்கேதான்.

எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊக்குநர் அக்கா. என் நோட்டில் கம்பி, பாசி, கொக்கி எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 18 ரூபாய் என்று எழுதியிருந்தேன். நாப்பதுக்கு விற்றேன், 22 லாபம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அக்கா நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ உக்காந்த நேரத்துக்கு யாரு காசு குடுத்தா?" என்றார்.

ஒரு ஜோடிக்கு 50 நிமிஷம் ஆகிறது. ஆறு மணி நேர வேலைக்கு 300 ரூபாய் கூலி என்று வைத்தால், 50 நிமிஷத்துக்கு 42 ரூபாய். பொருளோடு சேர்த்தால் 60. நாப்பதுக்கு விற்றால் 20 ரூபாய் நஷ்டம்! அன்றைக்கு நான் அறுபது சொன்னதே லாபம் இல்லாத விலை. பஸ் செலவு, கடை போட்ட செலவு எல்லாம் வேறு.

இப்போது நோட்டில் 'கை நேரம்' என்று தனிப் பத்தி போட்டிருக்கிறோம். அதே கம்மல் 80 ரூபாய். சிலர் வாங்காமல் போகிறார்கள், உண்மைதான். முன்பை விடக் கொஞ்சம் குறைவாகவே விற்கிறது. ஆனால் விற்ற காசு வீட்டுக்கு வருகிறது.

யாராவது "வெறும் கம்பிதானே" என்றால், இப்போது கம்பியையும் குறடையும் அவர்கள் கையில் கொடுத்து, "ஒரே ஒரு வளையம் போட்டுப் பாரும்மா" என்கிறேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி இறுகி ஒடிந்துவிடும். ஒடிந்ததும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு பேரம் குறைந்துவிடுகிறது.

சகோதரிகளே, கூடை பின்னினாலும் ஊறுகாய் போட்டாலும் உங்கள் நோட்டிலும் அந்தப் பத்தியை இன்றே போடுங்கள். நம் கை நேரத்தை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.