இன்சுலின் வந்த வழியில் நம்ம பெங்களூர்

நம் வீடுகளில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் தயிருக்கும் முட்டைக்கும் நடுவில் ஒரு சின்னக் குப்பி நிற்பது சகஜமாகிவிட்டது. அப்பாவுக்கு, மாமியாருக்கு, சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கனடாவில் தொடங்குகிற கதை, நாம் பிழைக்க வந்த இந்த ஊர் வழியாக இரண்டு தடவை போகிறது. நான் படித்தது பி.காம். உடம்பைக்கூட பேங்க் கணக்காகப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். டாக்டர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற குளுக்கோஸ், கையில் இருக்கிற ரொக்கம். அது ஏறியதும் கணையத்தில் இருக்கிற பீட்டா செல்கள் இன்சுலினை விடுகின்றன. இன்சுலினே சர்க்கரையைச் சுமந்துகொண்டு போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை, அது வெறும் தகவல். தசையிலும் கொழுப்பிலும் உள்ள செல்களின் வெளிச்சுவரில் அதற்கென்றே ஒரு ரிசெப்டர் இருக்கிறது. இன்சுலின் அதில் ஒட்டிக்கொண்டதும் உள்ளே செய்தி கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் குளுக்கோஸை உள்ளே விடுகிற வாசல் புரதங்கள் மேலே வந்து நிற்கின்றன. கல்லீரல் மிச்சத்தைக் கிளைகோஜனாக்கி சேமிப்புக் கணக்கில் போட்டுவைக்கும். அதற்கும் மேல் போவது கொழுப்பு, அதாவது ஃபிக்ஸட் டெபாசிட். (அதை உடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் இடுப்பைக் கேளுங்கள்.) வயிறு காய்ந்தால் அதே கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோன் கிளம்பி, கல்லீரலிலிருந்து பணத்தை எடுத்துக்கொடுக்கும்.

இன்சுலின் அடியோடு இல்லையென்றால்? ரத்தம் முழுக்க சர்க்கரை, செல்லுக்குள் பட்டினி. பீட்டா செல்கள் அழிந்துபோகிற டைப் 1 குழந்தைகளுக்கு 1922-க்கு முன் இருந்த ஒரே வைத்தியம், சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து நாளைத் தள்ளுவது. பெரும்பாலும் ஓரிரண்டு வருடம் தாண்டாது. எலும்பும் தோலுமாகிப் போன பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர பெற்றவர்களுக்கு வேறு வழி கிடையாது.

1921-ல் டொரண்டோவில் பேண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாயின் கணையத்திலிருந்து சாறு எடுத்து, கணையம் நீக்கிய நாய்க்கே போட்டுப் பார்த்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரிவரவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்தம் செய்துகொடுத்து 12 நாள் கழித்துப் போட்ட ஊசி கேட்டது. காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்கு விற்றார்கள். எங்கள் ஆபீசில் இப்படி ஒரு சொத்து விற்பனை வந்தால் ஆடிட்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்! ஆனால் ஒரே ஆள் கையில் போய் விலை ஏறிவிடக்கூடாது என்றுதான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். அது எந்த அளவுக்குப் பலித்தது என்பதுதான் மீதிக் கதை.

அறுபது வருடம் போல மருந்து மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும்தான் வந்தது. இன்சுலின் ஒரு சின்னப் புரதம், மொத்தம் 51 அமினோ அமிலம். அதை வரிசையாக எழுதிக்காட்டிய சாங்கருக்கு 1958-ல் நோபல் கிடைத்தது. மனித இன்சுலினுக்கும் பன்றியுடையதற்கும் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். மாட்டினுடையதற்கு மூன்று. அந்த வித்தியாசத்தால் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. நம் நாட்டில் எந்த மிருகம் என்று கேட்டு முகம் சுளித்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எழுத்து வரிசை தெரிந்தால் போதாது, புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று தெரியவேண்டும். பெங்களூர் முதலில் வருவது இங்கேதான். ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்ஜ்கின் 1935-ல் இன்சுலின் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்தார். வடிவத்தைக் கண்டுபிடித்தது 1969-ல். நடுவில் 34 வருடம்! அந்த 1969 கட்டுரையின் ஆசிரியர்களில் எம். விஜயன் என்ற பெயர் இருக்கிறது. திருச்சூர் பக்கத்துக்காரர். நம்ம இந்திய அறிவியல் கழகத்தில், ஊர்க்காரர்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்கிற இடத்தில், முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஆக்ஸ்போர்ட் போனவர். பிறகு இங்கேயே திரும்பிவந்து, புரதப் படிகங்களை ஆராய்கிற ஒரு பரம்பரையையே உருவாக்கினார். 2022-ல் காலமானார்.

அவர் வந்து சேர்ந்த துறையை உண்டாக்கியவர் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜி.என். ராமச்சந்திரன். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்ப முடியாது என்று 1963-ல் சென்னையில் அவரும் சகாக்களும் போட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகில் எந்தப் புரத வடிவத்தையும் சரிபார்க்கிறார்கள். அவரும் நம்மைப்போல மெட்ராஸை விட்டு பெங்களூர் வந்தவர்தான். :-)

வடிவம் தெரிந்ததில் என்ன லாபம்? கணையத்துக்குள் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஒரு கட்டாகச் சேர்ந்து இருப்பு இருக்கின்றன. ரத்தத்துக்கு வந்து ஒற்றையாகப் பிரிந்தால்தான் வேலை செய்யும். எந்த எழுத்தை மாற்றினால் கட்டு சீக்கிரம் பிரியும், எதை மாற்றினால் தோலுக்கடியில் தங்கி மெதுவாகக் கரையும் என்று இன்று போடுகிற வேக ஊசியும் நாள்பூராவும் நிற்கிற ஊசியும் இந்த அறிவிலிருந்து வந்தவைதான்.

1978-க்கு வருவோம். அந்த வருடம் கலிபோர்னியாவில் மனித இன்சுலினுக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். மருந்தாக 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே 1978-ல் கோரமங்கலாவில் ஒரு வாடகை வீட்டு கார் ஷெட்டில் கிரண் மஜும்தார் என்ற 25 வயதுப் பெண் 10,000 ரூபாய் முதலில் பயோகானைத் தொடங்கினார். அப்பா பீர் கம்பெனியில் தலைமை பிரூமாஸ்டர். மகளும் ஆஸ்திரேலியாவில் அதே படிப்பு படித்தவர். பெண்ணுக்கு அந்த வேலையைக் கொடுக்க இங்கே யாரும் தயாராக இல்லை. முதலில் செய்தது பப்பாளிப் பாலிலிருந்து பப்பெய்னும், பீரைத் தெளியவைக்க மீனிலிருந்து எடுக்கிற ஐசின்கிளாஸும்.

கடன் கேட்டுப் போன பேங்குகள் கையை விரித்ததை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சின்ன வயசு, பெண், யாரும் கேள்விப்படாத தொழில், ஜாமீன் கிடையாது. அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைய விதிப்படி நானும் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு பேங்க்காரர் துணிந்து கொடுத்தார். எங்கள் இனத்தில் அப்படி ஒருவர் இருந்தாரே என்று ஒரு சந்தோஷம்.

பீர் செய்யத் தெரிந்தவருக்கு ஈஸ்ட் பழக்கமான ஜந்து. பயோகான் இன்சுலினுக்கு எடுத்துக்கொண்டதும் ஒரு ஈஸ்ட்தான், பிக்கியா பாஸ்டோரிஸ். மெத்தனாலைத் தின்று வளர்வது. மாட்டுத் தீவனமாக வளர்க்கலாம் என்று ஒரு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஆராய்ந்து, 70-களில் எண்ணெய் விலை ஏறியதும் கட்டுப்படியாகாமல் போன சரக்கு அது! அதற்குள் மனித மரபணுவை வைத்துப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, 2004-ல் இன்சுஜென் என்ற பெயரில் மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய வருடமே வோக்ஹார்ட் தன் வோசுலினை இறக்கியிருந்தது. இரண்டும் வந்தபிறகுதான் வெளிநாட்டுச் சரக்கை மட்டும் நம்பியிருந்த நிலை மாறியது.

2019-ல் ஏழை, நடுத்தர நாடுகளின் அரசுகளுக்கு ஒரு நாளைக்கு 10 சென்ட்டுக்கும் கீழான விலையில் மனித இன்சுலின் தருவதாக பயோகான் அறிவித்தது. 2021 ஜூலையில் அவர்களுடைய கிளார்ஜின் ஊசியை, மூல மருந்துக்குப் பதிலாக மருந்துக்கடையிலேயே மாற்றிக்கொடுக்கலாம் என்று அமெரிக்கா அனுமதித்தது. அந்த நாட்டில் இன்சுலின் விலை கட்டாமல் டோஸைக் குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். பேண்டிங்கின் 1 டாலர் கணக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் நினைக்கவேண்டாம். அந்த 10 சென்ட் அரசு மொத்தமாக வாங்குகிற விலை. நாம் கடையில் கொடுப்பது வேறு. ஸ்ட்ரிப், ஊசி செலவு தனி.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. அமெரிக்காவிலும் மற்ற பல நாடுகளிலும் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. அங்கே வாங்கிய குப்பியை இங்கத்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்து, அதிலுள்ள கோட்டைப் பார்த்துப் போட்டால் டோஸ் இரண்டரை மடங்காகிவிடும். ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவின் மருந்துப் பையில் இரண்டும் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.