பிரஸ்டனை விலகிச் சென்ற பாதை

இங்கிலாந்தின் வடமேற்கே, ரிப்பிள் நதி கழிமுகமாக விரியத் தொடங்கும் இடத்தில், அதன் வடகரை மேட்டில் அமைந்த பிரஸ்டன் நகரம், கிழக்கே பெனைன் மலைத்தொடரும் மேற்கே கடலும் நெருக்கி நிற்பதால், தெற்கேயிருந்து ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்களும் அங்கிருந்து தெற்கே வருகிறவர்களும் மிதித்தே தீரவேண்டிய வாசற்படியாக வெகுகாலம் இருந்துவந்தது. 1648-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் படையைக் கிராம்வெல் முறியடித்த யுத்தத்தில் ரிப்பிள் பாலத்துக்காகவே கடும் சண்டை மூண்டது. 1715-இல் அதே பாலத்தைக் காவலின்றி விட்ட, ஸ்டூவர்ட் வம்சத்துக்கு மீண்டும் முடிசூட்ட எழுந்த ஜாக்கோபைட் கலகக்காரர்கள் ஊருக்குள்ளேயே முற்றுகையிடப்பட்டுச் சரணடைந்தார்கள்.

படைகளுக்கு மட்டுமா இந்த நதி தடையாக இருந்தது? லங்காஸ்டர் கால்வாயை வெட்டியவர்கள், நதிக்கு மேலே கால்வாயைக் கொண்டுசெல்லும் நீர்ப்பாலத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு அஞ்சி, இரு கரைகளிலும் கால்வாயை நிறுத்திவிட்டு, நடுவே குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதை ஒன்றையும் அதற்கொரு மரப்பாலத்தையும் 1803-இல் அமைத்தார்கள். தாற்காலிகம் என்று சொல்லி அமைத்த அந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது. நிரந்தரமான நீர்ப்பாலமோ கடைசிவரை எழவேயில்லை. தாற்காலிக ஏற்பாடுகளின் சுபாவம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்.

பஞ்சாலைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஸ்டனின் ஹாரக்ஸ் ஆலைத் துணி இந்தியச் சந்தை வரை வந்து விற்றது. நம் நெசவாளர்களின் தறிகளை ஓய்த்த பிரஸ்டன் அடங்கிய லங்காஷயர் மாவட்டத்து ஜவுளியில் இந்த ஊருக்கும் ஒரு பங்குண்டு. ஆலைத் தொழிலாளிகளுக்கு ஆண்டில் ஒரு வாரம் விடுமுறை. ஒவ்வோர் ஊரும் தனக்கென வேறொரு வாரத்தை வைத்துக்கொண்டு, ஆலைகளை அடைத்து, குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் புறப்பட்டுவிடும். ரயிலில் போனவரை இதனால் தொல்லை இல்லை. மோட்டார் பெருகியபின்னர், வடக்கு-தெற்காக நகரின் நடுவே ஓடிய ஏ6 நெடுஞ்சாலையில் ஸ்காட்லாந்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளும், ஏரிப் பிரதேசத்துக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகளும், பிளாக்பூல் கூட்டமும் ஒருங்கே வந்து முட்டிக்கொள்ள, விடுமுறை நாட்களில் பிரஸ்டனின் நெரிசல் நாடறிந்த விஷயமாயிற்று.

லங்காஷயரின் சாலைப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் டிரேக் என்பவர், ஜெர்மனியின் அதிவேகச் சாலைகள் எத்தகையவை என்பதை நன்கு அறிந்தவர். 1949-இல் அவர் வெளியிட்ட சாலைத் திட்டத்தில் லங்காஷயரின் முதுகெலும்புபோல் வடக்கு-தெற்காக ஒரு பெருவழி வரையப்பட்டிருந்தது. பொதுச்சாலையில் நடக்கவும் மாட்டை ஓட்டவும் எவருக்கும் உரிமையுள்ள நாட்டில், மோட்டார் வாகனங்களுக்கே உரிய சாலை போடச் சட்டமே புதிதாக வேண்டியிருந்தது. அதுவும் அதே ஆண்டில் நிறைவேறியது. பணம்தான் எளிதில் வரவில்லை. முழுப் பெருவழிக்கும் பணம் ஒதுக்கத் தயங்கிய சர்க்கார், பிரஸ்டன் என்ற ஓர் ஊரின் நெரிசலைத் தீர்க்கும் புறவழிச்சாலைக்கு இசைந்தது.

சாலை எப்பக்கமாகப் போவது? மேற்கே போனால் பிளாக்பூல் செல்வோருக்கு அனுகூலம். ஆயின் அங்கே கப்பல்துறையும் கழிமுகத்துச் சேற்றுநிலமும் கிடந்தன. கிழக்கே ரிப்பிள் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடுவதால், சாம்ல்ஸ்பரியில் உயர்ந்த பாலம் ஒன்று எழுப்பியாகவேண்டும். டிரேக் கிழக்கையே கொண்டார். தெற்கே பாம்பர் பிரிட்ஜில் தொடங்கி வடக்கே பிராட்டனில் முடியும் எட்டேகால் மைல் பாதையைப் படத்தில் பார்த்தால், நகரை அணைத்து வளையாமல், பர்மிங்ஹாமிலிருந்து கார்லைல் நோக்கி இழுத்த நீண்ட கோட்டில் ஒரு துண்டை வெட்டி வைத்தாற்போல் தோன்றும். பிரஸ்டனின் பெயரைச் சொல்லித் தம் பெருவழியின் முதல் துண்டை டிரேக் நிறைவேற்றிக்கொண்டார் என்பதே என் அபிப்பிராயம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

1956 ஜூனில் தொடங்கிய வேலை ஓயாத மழையால் தாமதப்பட்டது. ஒவ்வொரு திசைக்கும் மூன்று தடங்கள் வேண்டுமென்று டிரேக் கேட்க, சர்க்கார் இரண்டே தந்தது. அவரோ பின்னால் அகலப்படுத்துவதற்கு இடம் வைத்து நடுத்திட்டை விசாலமாக விட்டு, பாலங்களையும் அதற்கேற்ப நீளமாக அமைத்தார். வழிகாட்டிப் பலகைகளிலும் ஒரு நூதனம் இருந்தது. ஜாக் கின்னீர், மார்கரெட் கால்வெர்ட் என்னும் இருவர், எல்லாம் பெரிய எழுத்தாக இருந்த பழைய முறையை விட்டு, முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கி மற்றவற்றைச் சிற்றெழுத்தாக, நீலத்தின் மீது வெள்ளையில், வேகமாக வருகிறவன் சொல்லின் உருவத்தைக் கொண்டே ஊரை அறியுமாறு தீட்டிய பலகைகள் முதன்முதலில் நின்றது இச்சாலையோரத்தில்தான்.

1958 டிசம்பர் 5-ஆம் தேதி பிரதம மந்திரி ஹெரால்டு மாக்மில்லன் திறந்துவைத்த இச்சாலை, பிரிட்டனின் முதல் மோட்டார் பெருவழி. நாற்பத்தாறே நாளில் அதை மூடவும் நேர்ந்தது. மண் படியட்டும் என்று இறுதி மேற்பூச்சை ஒத்திவைத்துத் தாற்காலிகத் தளத்தோடு விட்டிருந்தார்கள். அதனூடே இறங்கிய நீர் ஜனவரிக் குளிரில் உறைந்து உப்பி, பனி சட்டென்று உருகியபோது தளத்தைப் பெயர்த்துவிட்டது. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. நீர்வடிகால் விஷயத்தில் காட்டிய சிக்கனத்தின் விலையைச் சர்க்கார் அப்போது கண்டது.

1963-இல் தெற்கேயும் 1965-இல் வடக்கே லங்காஸ்டர் வரையும் பாதை நீண்டு, எம்6 பெருவழியில் இது ஓர் அங்கமாயிற்று. 1966-இல், டிரேக் விட்டுவைத்த நடுத்திட்டிலிருந்து மூன்றாம் தடமும் வந்துசேர்ந்தது. பிளாக்பூல் போகிறவர்களோ, பிராட்டனில் பெருவழியை விட்டிறங்கிப் பழைய சாலைகளிலேயே மேற்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று எம்55 பெருவழி திறக்கப்பட்டது 1975-இல்தான்.