சி டிரைவை நிரப்பும் ஒன்டிரைவ் போட்டோக்கள்.. டெலிட் பண்ணாமல் வேறு டிரைவுக்கு மாற்றுவது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் சி டிரைவ் அடிக்கடி ஃபுல் ஆகிறதா? ஒன்டிரைவில் சேரும் போட்டோக்களும் காரணமாக இருக்கலாம். செல்போனிலிருந்து கிளவுடுக்குப் போகும் படங்கள், கம்ப்யூட்டரில் சி டிரைவில் உள்ள ஒன்டிரைவ் ஃபோல்டரிலும் வந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட் செய்து வைத்திருக்கும் செட்டிங் இதுதான். அந்த இடத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இந்தத் தவறை மட்டும் செய்யாதீங்க!

இடம் வேண்டும் என்பதற்காக, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் படங்களை டெலிட் செய்யவோ, கட் செய்து வேறு இடத்தில் போடவோ கூடாது. அந்த ஃபோல்டர் தனி காப்பி அல்ல. கிளவுடில் இருப்பதன் கண்ணாடி போன்றது. இங்கே எடுத்தால் கிளவுடிலும், செல்போனில் உள்ள ஒன்டிரைவ் ஆப்பிலும் படம் காணாமல் போகும். கிளவுடில் இருக்கிறதே என்று நம்பி கேலரியில் முன்பே அழித்துவிட்டவர்களுக்கு, அந்தப் படத்தின் கடைசி காப்பியே போய்விடும். தனிநபர் கணக்கில் இப்படி அழிந்த படங்கள், ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்னில் 30 நாட்கள் வரைதான் இருக்கும்.

இடத்தை மாற்றுவது எப்படி?

1. டாஸ்க்பாரில் உள்ள மேகம் ஐகானை கிளிக் செய்து, எல்லாப் படங்களும் சிங்க் ஆகி முடிந்ததா என்று பாருங்கள். பாதியில் நின்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. செட்டிங்ஸில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களுக்கு பேக்கப் ஆன் ஆகியிருந்தால், முதலில் ஆஃப் செய்யுங்கள்.

3. அதே செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதிக்குப் போய் 'அன்லிங்க் திஸ் பிசி' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பயம் வேண்டாம், இதனால் கிளவுடில் உள்ள எதுவும் அழியாது. இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும்.

4. இப்போது ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒன்டிரைவ் ஃபோல்டரை முழுசாக டி டிரைவுக்கு நகர்த்துங்கள்.

5. மீண்டும் ஒன்டிரைவைத் திறந்து லாகின் செய்யுங்கள். ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டும்போது, 'நெக்ஸ்ட்' அழுத்தாமல் 'சேஞ்ச் லொக்கேஷன்' கொடுத்து புதிய இடத்தைக் காட்டுங்கள். ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று கேட்டால், அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான்! இனி வரும் படங்கள் புதிய இடத்தில்தான் சேரும்.

பென் டிரைவில் வைக்கலாமா?

வேண்டாம். எப்போதும் இணைந்தே இருக்கும் டிரைவ்தான் சரி. கழற்றினால் ஒன்டிரைவ் தன் ஃபோல்டரைக் காணாமல் எரர் காட்டும். டிரைவ், என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருப்பதும் அவசியம். நெட்வொர்க் டிரைவை ஒன்டிரைவ் ஏற்காது.

வேறு டிரைவே இல்லை என்றால்?

பல லேப்டாப்களில் சி டிரைவ் மட்டும்தான் இருக்கும். அவர்களுக்கு எளிய வழி உண்டு. ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். படத்தின் பெயர் அப்படியே இருக்கும், பக்கத்தில் மேகம் அடையாளம் வரும். ஒரிஜினல் கிளவுடில் மட்டும் இருக்கும். ஆனால் படத்தைத் திறக்க இன்டர்நெட் வேண்டும்.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு?

போட்டோஸ் ஆப்பை மூடிவிட்டு, பிக்சர்ஸ் ஃபோல்டரில் உள்ள போட்டோஸ் லைப்ரரியை எக்ஸ்டர்னல் டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். 'ஆப்ஷன்' கீயை அழுத்தியபடி ஆப்பைத் திறந்து புதிய லைப்ரரியைத் தேர்வு செய்யுங்கள். பிறகு ஆப்பின் செட்டிங்ஸில் 'யூஸ் அஸ் சிஸ்டம் போட்டோ லைப்ரரி' கொடுத்தால்தான் ஐகிளவுடுடன் இணையும். படங்கள் எல்லாம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய லைப்ரரியை அழிக்க வேண்டும்.

எந்த கிளவுடாக இருந்தாலும், சிங்க் என்பது பேக்கப் அல்ல. திருமணம், குழந்தைப் படங்கள் போன்ற திரும்பக் கிடைக்காத போட்டோக்களை, சிங்க்கில் சேராத ஒரு ஹார்டு டிஸ்க்கில் தனியாக காப்பி செய்து வைத்த பிறகு இந்த மாற்றங்களைச் செய்வதே பாதுகாப்பு.