சிறு கோழி வளர்ப்போர் விற்கும் முட்டைகள்: சட்டமும் பாதுகாப்பும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும், நாட்டுக்கோழி வளர்த்து முட்டைகளை அக்கம்பக்கத்தாருக்கு விற்போருக்கு எழக்கூடிய முதல் ஐயம், அதற்கு உரிமம் தேவையா என்பதே.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, பிரிவு 18(3) விவசாயிக்கும் அவருடைய பண்ணைச் செயல்பாடுகளுக்கும் கால்நடைகளுக்கும் விலக்கு அளிக்கிறது. எனவே, தம் கோழிகள் இட்ட முட்டையைத் தாமே விற்பவர் பொதுவாக இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. பிறரிடம் முட்டைகளைக் கொள்முதல் செய்து சந்தையிலோ கடையிலோ விற்பவர் வணிகர் ஆவார். அவர் பதிவுச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். தள்ளுவண்டியில் ஆம்லெட் விற்பவருக்கும் இது பொருந்தும். 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு 100 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் பதிவு என வகுத்தன. நடப்பு வரம்பினை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கேட்டறிந்து விண்ணப்பிக்கவும்.

சட்டம் தரும் விலக்கு கிருமிக்குத் தெரியாது. சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி எச்சத்தின் வழியாக ஓட்டில் படிகிறது; சில வேளைகளில் கோழியின் கருவகத்திலேயே இருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் சேர்ந்துவிடுகிறது. அத்தகைய முட்டை நிறத்திலோ மணத்திலோ வேறுபடாது. தண்ணீரில் மூழ்குகிறதா, மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டையின் பழமையை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது.

விற்பவர்கள் முட்டைகளை நாள்தோறும் எடுத்து, நிழலான, குளிர்ந்த இடத்தில் வைக்கவும். எச்சம் படிந்த முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவுதல் கூடாது. ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் நீங்கி, நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே இழுக்கப்படும். உலர்ந்த துணியால் துடைப்பதே நன்று. விரிசல் கண்ட முட்டையை விற்க வேண்டாம். கோழிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்திருப்பின், கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாள் வரை அதன் முட்டையை விற்கவோ உண்ணவோ கூடாது.

பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயுடன் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பினால் செய்வதே எனினும், மருத்துவ நோக்கில் இதனைப் பரிந்துரைக்க இயலாது. பச்சை முட்டையின் புரதத்தை விட வெந்த முட்டையின் புரதமே உடலில் நன்கு சேர்கிறது. வெள்ளைக்கரு, மஞ்சள்கரு இரண்டும் கெட்டியாகும் வரை வேகவைத்துக் கொடுக்கவும். அரைவேக்காட்டு முட்டையையும் கலக்கியையும் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் தவிர்க்க வேண்டும். பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை விதித்ததும் இக்கிருமிகளைக் கருதியே.

முட்டை உண்ட 6 முதல் 72 மணி நேரத்திற்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி தோன்றினால் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பருகத் தொடங்கவும். மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், குழந்தையிடம் சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் தாமதமின்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்.