வேர்க்கடலை ஓடும் முலாம் பட்டறைத் தண்ணீரும்

மழைக்காலத்தில் எங்கள் அம்பத்தூர் வீட்டுக் கிணறு கலங்கிவிடும். பாட்டி ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து மண்பானையின் உள்பக்கம் நாலு உரசு உரசுவார். பிறகு தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார். காலையில் சேறெல்லாம் அடியில் தங்கி, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். "தெளிஞ்சிடுச்சு, குடிக்கலாம்" என்பார். தெளிந்தால் நல்ல தண்ணீர். வீட்டில் அதுதான் சட்டம்.

இது பாட்டி கண்டுபிடித்த வித்தை இல்லை. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் இந்த விதை கலித்தொகையிலேயே உவமையாக வந்துவிட்டது. விதையில் இருக்கும் பசை போன்ற பொருள் களிமண் துகள்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்கி அடியில் இறக்குகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் பாட்டியின் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எனக்கு அது நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. சேறு கண்ணுக்குத் தெரியும், கரைந்திருக்கும் நிக்கலோ காட்மியமோ தெரியாது. இந்தியத் தரக் குறியீட்டின்படி குடிநீரில் காட்மியம் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே 3 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிக மிகக் குறைவு. ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரை மக்களின் எலும்பை நொறுக்கிய இதாய்-இதாய் நோய்க்குக் காரணம் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம்தான் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. அந்தத் தண்ணீரைப் பார்த்து யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் நம்ம ஊர் வரலாற்றைப் பார்ப்போம். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1955 ஜனவரியில் பக்கத்து ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது. 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. தொழில் அமைச்சராக ஆர். வெங்கட்ராமன் இருந்த காலத்தில், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் பெருகின. போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்காமல் இருக்க முலாம் வேண்டும், அதனால் முலாம் பட்டறைகளும் கூடவே வந்தன.

முலாம் பட்டறையில் நடப்பது இதுதான். பாகத்தை நிக்கல், குரோமியம், துத்தநாகம் என்று ஏதோ ஒரு உலோகக் கரைசலில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். வெளியே எடுத்துத் தண்ணீரில் அலசுவார்கள். பாகத்தில் ஒட்டியிருக்கும் கரைசல் அந்த அலசு தண்ணீரில் கலக்கும். சுண்ணாம்பு போட்டுப் பெரும்பகுதி உலோகத்தைச் சேறாக இறக்கலாம். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சம்தான் பெரிய தலைவலி.

தேதிகளை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. தொழிற்பேட்டை 1964. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982. அதாவது முதல் 18 வருஷம் கழிவுநீரைக் கேள்வி கேட்க ஒரு வாரியமே இல்லை. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் தண்ணீர் போகும். ஏரிகளை இப்படிக் கோத்துவைத்தவர்கள் வெள்ளத்தை மனதில் வைத்துச் செய்தார்கள். அதே வழியில் சாக்கடையும் ஆலைக்கழிவும் பயணம் செய்யும் என்று அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. கொரட்டூர் ஏரி விவகாரம் பிற்பாடு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சரி, வேர்க்கடலைக்கு வருவோம்.

கரித்தூள் கரைசலின் நிறத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை 1785-இல் ரஷ்யாவில் டோபியாஸ் லோவிட்ஸ் கவனித்தார். முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்குக் கரி தேவைப்பட்டபோது, அமெரிக்கர்கள் 1918-இல் பீச் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் வீடு வீடாகச் சேகரித்தார்கள். அதே 1918-இல் இர்விங் லாங்மியூர் ஒரு பரப்பில் எத்தனை மூலக்கூறு ஒட்டும் என்பதற்குச் சமன்பாடு எழுதினார். பள்ளிப் பாடத்தில் பரப்பு கவர்தல் என்று படித்தோமே, அதுதான். தாவரக் கழிவை வைத்து உலோகத்தைப் பிடிக்கும் ஆய்வுகளில் இன்றும் அந்தச் சமன்பாடு வந்து நிற்கிறது.

நம்மூர்க் கதை கோயம்புத்தூரில் நடக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயம், கே. பெரியசாமி இருவரும் வேர்க்கடலை ஓட்டைக் கரியாக்கி, 1990களில் வரிசையாக ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டார்கள். 1993-இல் பாதரசம், 1994-இல் காட்மியம், 1995-இல் நிக்கல், 1996-இல் செம்பு. நிக்கல், செம்பு ஆய்வுகளில் முலாம் ஆலைகளின் கழிவுநீரையே எடுத்துச் சோதித்தார்கள். கடையில் விற்கும் கரித்துகளைவிட இந்த ஓட்டுக்கரி பல மடங்கு உலோகத்தைப் பிடித்தது. பிறகு கே. கதிர்வேலுவுடன் சேர்ந்து, கயிற்றுத் தொழிலில் மலையாகக் குவியும் தென்னைநார்க் கழிவையும் நமசிவாயம் இதே வேலைக்குப் பழக்கினார்.

ஓடு எப்படி உலோகத்தைப் பிடிக்கிறது? தாவரத்தின் செல் சுவரில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்ற கொக்கிகள் நிறைய உண்டு. நேர்மின்சுமை கொண்ட உலோக அயனி வந்தால், கொக்கியில் இருக்கும் ஹைட்ரஜனோ கால்சியமோ இடத்தைக் காலிசெய்து கொடுக்கும். பஸ்ஸில் சீட்டு மாறுகிற மாதிரி. அமிலம் அதிகமாக இருந்தால் ஹைட்ரஜன் கூட்டம் சீட்டை விடாது, உலோகம் ஒட்டாது. ஆறு இணைதிறன் குரோமியம் மட்டும் எதிர்க்கட்சி. எதிர்மின்சுமையோடு திரிவதால் அதற்கு அமிலச் சூழல்தான் பிடிக்கும். ஒரே பட்டறையில் நிக்கலும் குரோமியமும் கலந்து வந்தால் ஒரே தொட்டியில் இரண்டையும் பிடிக்க முடியாமல் திண்டாட வேண்டும்.

படித்தது போதாதென்று வீட்டிலும் செய்து பார்த்தேன். கடையில் மயில்துத்தம் வாங்கி அரை லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் கரைத்தேன். கழுவிக் காயவைத்துப் பொடித்த கடலை ஓட்டை அதில் கொட்டி ஒருநாள் ஊறவிட்டேன். மறுநாள் வடிகட்டினால் நீலத்தைக் காணோம்! ஓட்டுச்சாறு இறங்கி லேசான பழுப்புதான் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப குடிச்சுக் காட்டுங்க" என்றாள்.

பள்ளி ஆய்வகத்தில் உப்பு கண்டுபிடித்த ஞாபகம் வந்தது. செம்பு இருந்தால் அம்மோனியா விட்டதும் அடர்நீலம் வரும். முதல் கரைசலில் விட்டேன், பேனா மை மாதிரி நீலம். வடிகட்டியதில் விட்டேன், வெளிறியதுதான், ஆனாலும் நீலம். செம்பு குறைந்திருந்தது, போகவில்லை. அம்மோனியா இல்லாவிட்டால் நானும் பாட்டி மாதிரி "தெளிஞ்சிடுச்சு" என்று சொல்லியிருப்பேன். இந்தக் காரணத்தால்தான் சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் வரும் "வாழைப்பழத்தோலைப் போட்டு போர் தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள்" வகையறாவை நம்பிக் குடித்துவிடாதீர்கள். பரிசோதனைக்கூட அறிக்கைக்கு மாற்று கிடையாது.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. வடிகட்டியில் தங்கிய ஈர ஓடு. செம்பு மாயமாகவில்லை, தண்ணீரிலிருந்து ஓட்டுக்கு வீடு மாறியிருக்கிறது. குப்பையில் போட்டால் மழையில் மறுபடி இறங்கும். எரித்தால் சாம்பலில் நிற்கும். நிக்கலும் காட்மியமும் என்றால் கேட்கவே வேண்டாம். நம் பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூரு சாலையில் ராணிப்பேட்டை வரை போனால் இதன் பெரிய உருவம் இருக்கிறது. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு. 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட 10 இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டையும் ஒன்று. தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. ஆலையை மூடிய பிறகும் கழிவு மூடப்படவில்லை.

1994 கட்டுரையின் தலைப்பை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். காட்மியத்தை "நீக்குவதும் மீட்பதும்" என்று இருக்கிறது. நீர்த்த அமிலத்தில் ஓட்டைக் கழுவினால் உலோகம் திரும்ப வந்துவிடும், பட்டறைக்கே பயன்படும். நாம் எல்லோரும் நீக்குவதை மட்டும் படித்துக் கைதட்டுகிறோம். மீட்பதற்கு அமிலம் வேண்டும், பம்பு வேண்டும், தினமும் அளந்து எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டும். ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை இதைத் தனியாகச் சுமக்காது, பல பட்டறைகள் சேர்ந்தால்தான் நடக்கும். ஓடு மலிவு, அதைச் சுற்றியிருக்கும் வேலை மலிவில்லை.

என் ஓடு இன்னும் பால்கனியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடிபோட்டு இருக்கிறது. காலையில் குப்பை வண்டி வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். பச்சைத் தொட்டியா, நீலத் தொட்டியா? திரும்ப வைத்துவிடுவேன்.