ஹாப்லாந்தின் மதுச்சாலை

ஊர்ப்பெயர்கள் வரலாற்றைத் தம்முள் பொதிந்து வைத்திருப்பவை. கலிபோர்னியாவின் வடபுலத்துச் சிற்றூராகிய ஹாப்லாந்து, பீருக்குக் கசப்பும் மணமும் ஊட்டும் ஹாப் கொடியால் பெயர் பெற்றது. கொடித்தோட்டங்கள் மறைந்தன, பெயர் நிலைத்தது.

1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கின் பின், அமெரிக்காவில் பேராலைகளே தழைத்தன. அந்நிலையில், 1976இல் ஜாக் மெக்காலிஃப் என்பார் சொனோமா நகரருகே, பழைய பால்பண்ணைக் கலன்களைக் கொண்டு நியூ ஆல்பியன் என்னும் சிற்றாலையை நிறுவினார். 1982இல் அது முடங்கிற்று. அதன் கலன்களும் பணியாளர் சிலரும் ஹாப்லாந்தை அடைய, 1983இல் பழைய செங்கற்கட்டடமொன்றில் மெண்டோசினோ நிறுவனத்தின் மதுச்சாலை திறக்கப்பெற்றது. வடித்த இடத்திலேயே ஊற்றிக் கொடுக்க மாநிலச் சட்டம் அப்போதுதான் வழிவிட்டிருந்தது.

அங்கு வந்தோர் சுவைத்த வகைகளுக்குப் பறவைப் பெயர்கள் இடப்பட்டிருந்தன. செம்பழுப்பான ரெட் டெயிலில் தானியத்தின் இனிப்பு முந்தும். பொன்னிற புளூ ஹெரானில் ஹாப்பின் கசப்பு மேலோங்கும். பிளாக் ஹாக்கோ கரியது. இந்நிறங்கள் சாயத்தால் வந்தனவல்ல. முளைகட்டிய வாற்கோதுமையை வறுத்த பதத்தால் வந்தவை. மாணவர் இதனை வேதியியல் பாடமாகவே கொள்ளலாம்!

1997இல் விஜய் மல்லையாவின் குழுமம் நிறுவனத்தின் பெரும்பங்கைப் பெற்றது. நம் நாட்டவர் பலரும் அறிந்த கிங்பிஷரும் அதன் ஆலைகளில் வடிக்கப்பட்டது. பறவைக் கூட்டத்தில் மீன்கொத்தி சேர்ந்தது பெயரளவில் பொருத்தமே. ஆயினும், சிற்றாலையின் வலிமை அது நின்ற ஊரிலேயே இருந்தது என்பது என் துணிபு. 2018இல் நிறுவனம் கதவடைத்தது.